நாலாம் நம்பர் மர வீடு

அத்தியாயம் 11

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு கல்பனாவின் அப்பா ரங்கையா எழுந்துபோன இடத்தில் போன வாரம் அந்த வீட்டை விட்டுவந்தோம்.

கல்பனா செய்தது பெரிய குற்றம் ஒன்றுமில்லை. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு வருடமாக நர்ஸ் வேலை. திருச்சானூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். தன் கல்யாணப் பேச்சைத் தள்ளித் தள்ளி வைத்து, தம்பி ஜெயபிரகாஷை ஐ.டி.ஐ. படிக்கவைத்தாள். மூன்று மாதத்துக்கு முன் வடமாலபேட்டையில் பெண் பார்த்து அவனுக்குக் கல்யாணமும் செய்துவைத்தாள். இந்தப் பொங்கல் லீவில் குடும்பத்தோடு மூன்று நாள் எங்காவது சும்மா இருந்துவிட்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். போனில் தேடி, ஆரணியாற்றங்கரையில் முழுக்க மரக்கட்டையால் கட்டிய ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள்.

அது அவர்கள் ஊரிலிருந்து நாலே மைல். ஊர் நிலத்தில் பாதியை வைத்திருக்கும் பெரிய வீட்டு வெங்கடரமணன் நடத்தும் ரிசார்ட்.

"அந்த கேட்டுக்குள்ள நான் கால் வெக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னார் ரங்கையா.

அம்மாவும் வரமாட்டாள் என்றுதான் கல்பனா நினைத்தாள். ஆனால் மாட்டுப் பொங்கலன்று காலையில் ஆட்டோ வந்து நின்றபோது, கங்கம்மா தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, கையில் துணிப்பையோடு வாசலில் நின்றாள். ரங்கையா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சோறு வடித்து மூடிவைத்திருப்பதாக அவரிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

"மூணு நாளிக்கி எனக்கு அடுப்பு கெடையாதுன்னு சொன்ன இல்ல. அதான் வரேன்" என்றாள் மகளிடம்.

நாகலாபுரம் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே மண்பாதையில் திரும்பியதும் ஆறு தெரிந்தது. மழை நன்றாகப் பெய்த வருடம். கரையைத் தொடாமல், ஆனால் நிற்காமல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

ரிசார்ட் மேனேஜர் கிரண்குமார் திருப்பதிக்காரன். கல்பனாவின் ஆதாரைப் பார்த்து, போனில் பதிவைச் சரிபார்த்து, தெலுங்கும் தமிழுமாக வரவேற்றான். நாலாம் நம்பர் காட்டேஜ், மூன்று நாள், நாலு பேர். ஆற்றுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது அதுதான், நல்ல அதிர்ஷ்டம் மேடம் என்றான்.

கேட் தாண்டியதும் கங்கம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. பெரிய வீட்டு இடத்தில் செருப்பில்லாமல் நடந்த முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்தது. கல்பனா அந்தச் செருப்புகளை வாங்கி, அம்மாவின் காலடியில் போட்டுவிட்டு, அவள் போட்டுக்கொள்ளும் வரை அங்கேயே நின்றாள்.

வீடு நாலு தடித்த கால்களின் மேல் நின்றது. சுவர் முழுக்க உருண்டைக் கட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மூன்று படி ஏறினால் ஒரு வராந்தா. அதில் நின்றால் ஆறு கண்ணெதிரே. புது மருமகள் பிரியங்கா கட்டிலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கங்கம்மா சுவரை விரலால் தட்டி, தைலமரம் என்றாள். காலெல்லாம் சவுக்கு என்றாள்.

ஜெயபிரகாஷ் மட்டும் உட்காரவில்லை. மேனேஜரிடம் போய், ஓனர் இன்றைக்கு வருவாரா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வந்தான்.

"அவரு வந்தா உனக்கின்னா?" என்று கல்பனா கேட்டாள்.

சும்மாதான் கேட்டேன் என்றான்.

பதினோரு மணிக்கு கங்கம்மா படி இறங்கி வீட்டின் பின்பக்கம் போனாள். எதையோ தேடுகிறவள் மாதிரி இல்லை. வழி தெரிந்தவள் மாதிரி போனாள். பின்னாலேயே கல்பனாவும் பிரியங்காவும் போனார்கள்.

அங்கே ஒரு கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மேலே கம்பி வலை போட்டு, சுற்றிலும் வண்ண பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் தெலுங்கில் ஒரு போர்டு. கங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதிக்கீது என்று மருமகளைக் கேட்டாள்.

பிரியங்கா படித்து, தமிழில் சொன்னாள். "நூறு வருசத்துப் பழைய கெணறு, அத்தை. ஜமீன் காலத்துல வெட்டினதாம். மனசுல ஒண்ணு நெனச்சிக்கினு காசு போட்டா நடக்குமாம்."

கங்கம்மா சிரித்தாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அது கொஞ்ச நேரம் நீண்டது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நூறு வருசமா? இவ என் வயித்துல இருக்கும்போது வெட்டினது. நானும் உங்க நைனாவும் வெட்டினது."

கல்பனாவுக்கு முதலில் விளங்கவில்லை. தங்களுக்கு நிலம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் படிவம் நிரப்பும்போதெல்லாம் நிலம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்றே எழுதினாள்.

கங்கம்மா கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். கல்யாணமான புதிதில், நிலமில்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் ஆற்றோரப் புறம்போக்கைப் பிரித்துக் கொடுத்தது. இவர்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் வந்தது. கல்லும் முள்ளும் தவிர ஒன்றுமில்லை. பகலில் அடுத்தவர் கழனியில் கூலி வேலை, விடியற்காலையில் இங்கே வந்து கல் பொறுக்குவது. இரண்டு வருடம் பொறுக்கினார்கள். பிறகு கிணறு. அவர் வெட்டினார், ஏழு மாத வயிற்றோடு இவள் மண் சுமந்தாள்.

பதினைந்து அடியில் பாறை வந்தது. குவாரி வேலைக்காரன் ஒருவனிடம் வெடிமருந்து வாங்கிவந்தார் ரங்கையா. மூன்று குழியில் இரண்டு வெடித்தது. மூன்றாவது ஏன் வெடிக்கவில்லை என்று பார்க்க இறங்கினார்.

"இடது கையில ரெண்டு வெரலு அதுலதான் போச்சி" என்றாள் கங்கம்மா. "ஆனா தண்ணி வந்துடுச்சி."

கரும்பாலையில் கை மாட்டிக்கொண்டது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நர்ஸிங் படித்த வருடம், ஒருமுறை நைனாவின் கையைப் பிடித்துப் பார்த்தபோது, மணிக்கட்டுத் தோலுக்கடியில் நீலமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. நசுங்கிய கையில் அப்படி வராதே என்று கல்பனா யோசித்ததுண்டு. கேட்கவில்லை.

மூன்று போகம் வேர்க்கடலை எடுத்தார்கள். நாலாவது போகத்துக்கு விதை போட்டிருந்தபோது பெரிய வீட்டுக்காரர் வந்தார். இப்போதிருக்கும் வெங்கடரமணனின் அப்பா. இது தங்கள் மாடு மேய்ந்த இடம் என்றார். ஒரு வாரம் கழித்து ஒரு கார் வந்து ரங்கையாவை ஏற்றிக்கொண்டு போயிற்று. சாயங்காலம் திரும்பி வந்தபோது கட்டைவிரலில் மை இருந்தது.

"அதோட அந்த நெலத்தப் பத்திப் பேசாதன்னாரு. நானும் பேசல. இதே மண்ணுல கூலிக்கு வந்து கடலக்கா புடுங்கினேன்."

இத்தனையும் தெரிந்துகொண்டே ஏன் வந்தாய் என்று கல்பனா கேட்டாள்.

"பாக்கணும்னுதான் வந்தேன். காசு குடுத்து நீ எடுத்த எடம். எவன் என்னைப் போன்னு சொல்லுவான்?"

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டார்கள். மண்தட்டில் வாழையிலை வைத்து, பக்கத்தில் ஒரு பூ. இவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெங்கடரமணன் உள்ளே வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை. கூடவே சென்னையிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். ஆற்றங்கரையில் இன்னும் ஆறு வீடு கட்டப்போவதாகவும், அதில் அவர்கள் பங்கு சேரப்போவதாகவும் பரிமாறியவர் சொல்லியிருந்தார்.

வெங்கடரமணனின் பார்வை கூடத்தைச் சுற்றி வந்தது. கங்கம்மாவின் மேல் வந்து நின்றது. ஜெயபிரகாஷ் எழுந்து நின்றுவிட்டான், எச்சில் கையோடு. வெங்கடரமணன் அப்படியே திரும்பி வெளியே போனார்.

அரை மணி நேரத்தில் கிரண்குமார் நாலாம் நம்பர் வாசலுக்கு வந்தான். மோட்டாரில் கோளாறு, இந்தக் காட்டேஜுக்குத் தண்ணீர் வராது, சமையலறைக்குப் பின்னால் நல்ல அறை இருக்கிறது, கொஞ்சம் மாறிக்கொள்ள வேண்டும் என்றான்.

கல்பனா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டும் சத்தம் வாசல்வரை கேட்டது.

கிரண்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அறை டிரைவர்கள் தங்குகிற அறை என்பதையும் அவனே சொன்னான். இல்லையென்றால் கட்டிய பணத்தை முழுக்கத் திருப்பித் தருகிறோம், சார் உத்தரவு என்றான்.

"போயிடலாங்க்கா" என்றான் ஜெயபிரகாஷ். "எதுக்கு வம்பு? அவரு சொல்லித்தான் எனக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில வேல கெடச்சிது. ரெண்டு வருசமா நல்லா போய்க்கினு கீது."

"வேல அவரு குடுத்ததா இருக்கட்டும். இந்த வூடு என் சம்பளத்துல எடுத்தது." கல்பனா கதவிலிருந்து சாவியை உருவித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "கிரண், உங்க சாருக்கு சொல்லுங்க. பதிவு பண்ணினது மூணு நாள். ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்கு நாங்களே சாவியக் குடுப்போம். அதுக்கு முன்ன எறக்கணும்னா அவரே வந்து எறக்கட்டும்."

கிரண்குமார் போய்விட்டான். போகும்போது பின்னால் திரும்பி, மேடம் ஜாக்கிரத்த என்று தெலுங்கில் மெல்லச் சொன்னான்.

கங்கம்மா இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. மறுபடியும் பின்பக்கம் போய்விட்டிருந்தாள். மூன்று மணி சுமாருக்கு வெங்கடரமணன் அந்தச் சென்னைக்காரர்களைக் கிணறு காட்ட அழைத்து வந்தார். அவள் அங்கே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. பேச்சுக்குரல் கேட்டுக் கல்பனாவும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"இன்னா கங்கம்மா, சவுக்கியமா? எங்க உங்க ஊட்டுக்காரன்?" என்று அவர் சிரித்த முகமாகவே கேட்டார். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, எங்கள் பழைய ஆட்கள், அப்பா காலத்திலிருந்து இருக்கிறார்கள் என்றார். கிணறு கொள்ளுத்தாத்தா வெட்டியது என்றும் சேர்த்துக்கொண்டார்.

சென்னைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார்.

"எத்தினி அடி?" என்றாள் கங்கம்மா.

வெங்கடரமணன் புரியாமல் பார்த்தார்.

"உங்க கொள்ளுத்தாத்தா எத்தினி அடி வெட்டினாரு? பாற எத்தினாவது அடியில வந்துது? எந்தப் பக்கத்துலருந்து ஊத்து வந்துது? சொல்லுங்க, கேக்கறேன்."

வெங்கடரமணனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. வயசாயிடுச்சி, அந்த மாதிரி ஏதாவது பேசும் என்று விருந்தாளிகளிடம் சொல்லப் பார்த்தார். கங்கம்மா குரலை உயர்த்தவில்லை. கூலிக்கணக்குக் கேட்கிறவளின் நிதானத்தோடு பேசினாள். வழக்கமாக அவரைக் கூப்பிடும் சின்னையா என்ற சொல் அன்று அவள் வாயில் வரவில்லை.

"மொத்தம் இருவத்தெட்டு அடி. பதினஞ்சாவது அடியில பாற. ஊத்து மேக்கால பக்கத்துலருந்து வந்துது. அந்தப் பாறையிலதான் எங்க ஊட்டுக்காரரு ரெண்டு வெரலு வுட்டாரு. மண்ண நான் தலையில சொமந்தேன், இதோ நிக்கறாளே, இவளையும் வயித்துல வெச்சிக்கினு. நூறு வருசம்னு எழுதிக்கீறீங்க. இவளுக்கு முப்பத்தொண்ணுதான் ஆவுது."

சென்னைக்கார அம்மாள் கல்பனாவைப் பார்த்தாள், பிறகு போர்டைப் பார்த்தாள். அவள் கணவர் கையிலிருந்த நாணயத்தை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"காட்டேஜ காலி பண்ணச் சொன்னீங்களாம்" என்றாள் கங்கம்மா. "பண்ணமாட்டோம்."

வெங்கடரமணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கல்பனாவுக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது. அவர் ஜெயபிரகாஷைத்தான் பார்த்தார்.

"தம்பி, உங்கம்மாகிட்ட நீ ஒண்ணும் சொல்லலியா? அக்காகிட்டயும்?" என்றார். "சொல்லிடு. அவங்களே மூட்டைய கட்டிக்கினு போயிடுவாங்க."

விருந்தாளிகளோடு அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஜெயபிரகாஷ் ஆற்று மணலில் தனியாக உட்கார்ந்திருந்தான். பிரியங்கா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். தொடவில்லை. வெயில் இறங்கி, அக்கரை மாந்தோப்பு கறுத்த நேரத்தில் எழுந்துவந்து வராந்தாப் படியில் உட்கார்ந்தான். மேலே நாற்காலியில் அக்கா. கதவுக்குப் பக்கத்தில் கால் நீட்டி அம்மா. பிரியங்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான். இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குச் சிபாரிசு கேட்டுப் பெரிய வீட்டுக்குப் போனபோது, ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தெலுங்கில் டைப் அடித்தது. ரங்கையாவின் மகனாகிய எனக்கு இந்த சர்வே நம்பர் நிலத்தில் எந்த உரிமையும் கிடையாது, வருங்காலத்திலும் கேட்கமாட்டேன் என்று இருந்தது.

படிக்காமல் போட்டாயா என்று கல்பனா கேட்டாள்.

"படிச்சேன்க்கா." அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நமக்குத்தான் நெலமே கெடையாதே. இல்லாதத எழுதிக் குடுத்தா இன்னா போச்சின்னு போட்டேன்."

கல்பனா எழுந்துவிட்டாள். எட்டு வருடமாக இவனுக்காகப் பட்டதையெல்லாம் சொல்லிக்காட்ட வாயெடுத்தாள். பிரியங்கா மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் என்று கணவனிடம் சொன்னாள். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. முழங்காலுக்கிடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

கங்கம்மா கையை நீட்டி மகனின் தலைமேல் வைத்தாள்.

"அழாத. ஒண்ணு கேக்கறேன், சரியா சொல்லு. அந்தப் பத்தரத்துல நெலம் யார் பேருல இருந்துதுன்னு போட்டிருந்துது?"

"நைனா பேருல. ரங்கையா, தந்தை பேரு முனுசாமி. நல்லா ஞாபகம் கீது."

"உங்க நைனாவுக்கு ஏது நெலம்?" என்றாள் கங்கம்மா. "பட்டா எம் பேருல."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

பட்டா கொடுத்த அன்று மண்டல ரெவின்யூ ஆபீசில் பெயர் கூப்பிட்டபோது எழுந்துபோனது தான்தான் என்றாள். அப்போது ஒரு பெண் அதிகாரி இருந்தாராம். புருஷன் குடித்துத் தொலைத்துவிடக் கூடாது, பெண்டாட்டி பெயரில்தான் தருவேன் என்று பிடிவாதமாக நின்றாராம். ரங்கையா குடிக்கிறவர் இல்லை. ஆனாலும் சரி என்றார். காகிதத்தை மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். கார் வந்த நாள் வரைக்கும் அது அங்கேயேதான் இருந்தது.

"நீ எழுதிக் குடுத்தது உங்க நைனா நெலத்த. அந்த மாதிரி ஒண்ணு இல்ல. இது என்னுது. எங்கிட்ட எவனும் ரேகையும் வாங்கல, கையெழுத்தும் வாங்கல. அப்புறம் நான் எதுக்கு மூட்ட கட்டணும்?"

கல்பனா மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டில் எண் தவறாக இருப்பதைக் கண்டுபிடித்தவள் போல அவள் மனம் வேகமாக ஓடியது. எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து முட்டியது.

"அம்மா, பட்டா உன் பேருல இருந்துதுன்னா, நைனா அன்னிக்கி எதுல ரேகை வெச்சாரு?"

கங்கம்மா மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதத்தான் நான் கேக்கவேயில்ல" என்றாள். "கேட்டா அந்த மனுசன் உசுரோட இருக்கமாட்டாரோன்னு பயம். போன் போடு."

இப்போதேவா என்று கல்பனா தயங்கினாள். ஊருக்குப் போய் நேரில் கேட்கலாமே என்றான் ஜெயபிரகாஷ். கங்கம்மா உள்ளங்கையை நீட்டினாள். கல்பனா எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

நாலு தடவை மணி அடித்தபிறகு ரங்கையா போனை எடுத்தார். யாரு, கல்பனாவா, சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

"நாந்தான்யா" என்றாள் கங்கம்மா. "நம்ம கெணத்தாண்டதான் கீறேன். தண்ணி நல்லா கீது. அன்னிக்கி உன்னைக் கார்ல ஏத்திக்கினு போனாங்களே, எந்தக் காகிதத்துல ரேகை வெச்ச?"

மறுபக்கத்தில் மாடு ஒன்று கத்துவது கேட்டது. அவர் மூச்சு விடுவது கேட்டது. அவர் போனை வைத்துவிடவில்லை.

கங்கம்மா போனை இன்னொரு காதுக்கு மாற்றி, முதுகை மரச்சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

"யோசிச்சிக்கினே சொல்லு. எனக்கு இங்க வேல ஒண்ணும் கெடையாது."